வீட்டில் கட்டும் நாற்சக்கர மின்துணை மிதிவண்டி: மோட்டாருக்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

மிதித்து ஓட்டும் நாற்சக்கர வண்டியைச் சொந்தமாகக் கட்ட விரும்புவோர் பெரும்பாலும் மோட்டாரையும் பேட்டரியையும் முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அவற்றைச் சுற்றிச் சட்டகம் அமைக்கத் தொடங்குகிறார்கள். என் முதல் வண்டியை நானும் அந்த வரிசையில்தான் கட்டினேன். அது வீட்டு வாசலில் இருந்த வடிகால் பள்ளத்தைக் கடக்கும்போதே நின்றுவிட்டது. இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும், சற்றும் வளைந்துகொடுக்காத சட்டகம் எதிர்மூலையில் இருந்த வலது பின்சக்கரத்தை விரலளவு மேலே தூக்கிவிட்டது. சங்கிலி இழுத்தது அந்தச் சக்கரத்தை மட்டுமே என்பதால், மிதிக்க மிதிக்க அது காற்றில் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை. ஆகவே மோட்டாரைக் கடைசியாக வாங்குங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

திட்டம் எடையிலிருந்து தொடங்க வேண்டும். ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 50 கிலோ, காய்கறி மூட்டையோ குழந்தையோ 40 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 160 கிலோ ஆகிறது. சமதளத் தார்ச்சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்ல, சக்கர உருளலுக்கு ஏறத்தாழ 85 வாட்டும் காற்றைத் தள்ளுவதற்கு அதே அளவும் தேவைப்படும். அதே வண்டி 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மேட்டில், வெறும் 10 கி.மீ. வேகத்தில் ஏறவே சுமார் 270 வாட் வேண்டும். பழக்கமுள்ள சாதாரண மனிதர் நெடுநேரம் தரக்கூடியது 75 முதல் 100 வாட் வரைதான். மீதியை மோட்டார் தர வேண்டும் என்பதால் 250 வாட் மோட்டார் போதும்; ஆனால் அதை எங்கே பொருத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கென்று சுற்றப்பட்ட ஹப் மோட்டார் (சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அமைந்த மோட்டார்), மேட்டில் 10 கி.மீ. வேகத்தில் திணறும்போது, வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே வெளியேற்றும். அதே மோட்டாரைச் சக்கரத்தில் வைக்காமல் சட்டகத்தின் நடுவில் பொருத்தி, அதிலிருந்து கியர் கொண்ட பின்னச்சுக்குச் சங்கிலி கொடுத்தால், மேட்டில் கியரைக் குறைத்து மோட்டாரை அதற்குரிய வேகத்திலேயே சுழல விடலாம். எடை கூடிய வண்டிக்கு இந்த அமைப்பையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்தது கவிழும் ஆபத்து. சைக்கிள் வளைவில் சாய்ந்துகொள்ளும். நாற்சக்கர வண்டி சாயாது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, ஆளும் சுமையும் சேர்ந்த எடைமையத்தின் உயரத்தால் வகுத்தால், புவியீர்ப்பில் எத்தனை பங்கு பக்கவிசையை வண்டி தாங்கும் என்பது கிடைக்கும். அகலம் 80 செ.மீ., எடைமையம் 60 செ.மீ. உயரம் என்றால் விடை 0.67. ஐந்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்தில் திரும்பும்போது எழும் பக்கவிசை 0.63, அதாவது வண்டி கவிழும் விளிம்பில் நிற்கிறது. இருக்கையைத் தாழ்த்தி, பேட்டரியையும் சுமையையும் அச்சு மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் செலவில்லாத பாதுகாப்பு. அகலத்தைக் கூட்டலாம் என்றாலும், உங்கள் வாசல் கேட்டை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

பள்ளத்தில் சக்கரம் எழும்பும் சிக்கலுக்கு வழி டிராக்டரிலேயே இருக்கிறது. அதன் முன்னச்சு நடுவில் ஒரு முளையில் தொங்குவதால், ஒரு பக்கம் வரப்பில் ஏறினாலும் மற்ற மூன்று சக்கரங்கள் தரையிலேயே நிற்கின்றன. நம் வண்டியின் முன்னச்சையும் அவ்வாறே அமைக்கலாம். ஆனால் முன்னச்சு தடையின்றி ஆடும் வரை, வண்டியின் நிலைப்பு மூன்று சக்கர வண்டியின் நிலைப்பைப் போன்றதே என்பதை மறக்கக் கூடாது. மேலே சொன்ன 0.67 அப்போது கிடைக்காது. எனவே இருபுறமும் சில பாகை மட்டுமே ஆட விடும் தடைக்கட்டைகளை வைத்து, எடையின் பெரும்பகுதியைப் பின்னச்சுக்கு நெருக்கமாக வையுங்கள்.

திரும்பும்போது உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். 1817இல் ஜெர்மனியின் லாங்கென்ஸ்பெர்கர் கண்டுபிடித்து, 1818இல் இங்கிலாந்தில் அக்கர்மன் பெயரில் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பை வரையக் கணினி தேவையில்லை. சிமெண்டுத் தரையில் வண்டியை முழு அளவில் சுண்ணக்கட்டியால் வரைந்து, ஒவ்வொரு முன்சக்கரத்தின் திருப்பு மையத்திலிருந்தும் பின்னச்சின் நடுப்புள்ளிக்கு ஒரு நூலைக் கட்டுங்கள். திருப்புக்கைகள் (முன்சக்கரங்களைத் திருப்பும் நெம்புகைகள்) அந்த நூல்களின் மேலேயே அமைந்தால் வேலை ஏறக்குறைய சரியாக முடிந்துவிடும். என் இரண்டாம் வண்டியின் டயர் தேய்மானம் முதல் வண்டியைவிடக் குறைந்ததற்கு இந்த இரு நூல்களே காரணம்.

சக்கரங்களில் கஞ்சத்தனம் கூடாது. சைக்கிள் சக்கரம் நேர்ப்பாரத்துக்கென்று செய்யப்பட்டது. பக்கவிசையில் அது எட்டாக வளையும். கம்பிகள் குட்டையாக இருப்பதால் உறுதியான 20 அங்குலச் சக்கரத்தை, இரட்டைச் சுவர் ரிம்மும் 36 கம்பிகளும் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாங்கும் முன்சக்கரத்துக்குச் சாதாரண சைக்கிள் அச்சு போதாது. தடித்த அச்சும் அதற்கேற்ற பேரிங்கும் லேத் பட்டறையில் செய்துகொள்ள வேண்டும். பின்னால் இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் பூட்டினால் வளைவில் டயர் அரையும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி ஃப்ரீவீல் (முன்னோக்கி மட்டும் இழுத்து, சக்கரம் முந்திச் சுழன்றால் விட்டுக்கொடுக்கும் பல்சக்கரம்) கொடுப்பது நல்லது; நேரே செல்லும்போது இரண்டும் இழுக்கும், வளைவில் வெளிச்சக்கரம் தானாக முந்திச் சுழலும்.

சட்டகத்துக்கு 25 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 1.6 மி.மீ. கனத்தில் போதும், மீட்டருக்கு 1.2 கிலோ அளவில் வரும். முழு வெல்டிங்குக்கு முன் எல்லா மூட்டுகளிலும் டேக் (சிறு புள்ளி வெல்டிங்) வைத்து, மூலைவிட்டங்கள் சமமாக உள்ளனவா என்று அளந்து பாருங்கள்.

பேட்டரிக்கு, கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி என்று கணக்கிட்டால் 40 கி.மீ.க்கு 400 வாட்-மணி ஆகிறது. முழுவதும் வடியவிடாமல் இருக்க 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி பேட்டரி சரியாக இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையே நம்பகமானது. பேட்டரியின் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டிலும் டிஸ்க் பிரேக் வைத்து, பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சையும் பொருத்துங்கள். நான்கு சக்கரத்தில் நிற்கும் வண்டியைச் சரிவில் விட்டுவிட்டு நகரும் பழக்கம் எளிதில் வந்துவிடும் என்பதால் கைபிரேக் கட்டாயம்.

பொதுச்சாலையில் ஓட்டுவதற்கு முன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் குறைந்த மின்வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் கிடைக்கும் சலுகை, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்றைப் பொறுத்தது. மேலும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சிறிய எஞ்சின் வண்டிகளுக்கு அளிக்கும் விலக்கு, நான்குக்குக் குறைந்த சக்கரங்கள் உள்ளவற்றுக்கு மட்டுமே உரியது. ஆகவே வண்டியின் வரைபடத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகி, எழுத்தில் பதில் பெறும் வரை தோட்டத்துக்குள்ளும் வளாகத்துக்குள்ளும் மட்டும் ஓட்டுங்கள்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன், மோட்டார் இல்லாமல், 40 கிலோ மணல் மூட்டையை ஏற்றி, மிதித்தே 50 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். பிறகு சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டி, ஓசை தளர்ந்திருப்பவற்றை இறுக்கி, வெல்டிங் மூட்டுகளில் விரிசல் உண்டா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்த பின்னரே மோட்டாரைப் பொருத்துங்கள்.