கப்பலில் ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன உடுத்துவது? கோட்டு தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

போன மாதம் கடலூரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். அவர் பையன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அம்மா அப்பாவின் முப்பதாவது கல்யாண நாளுக்கு அங்கிருந்து கிளம்பும் நாலு ராத்திரி கப்பல் பயணம் ஒன்றை புக் செய்து அனுப்பிவிட்டான், அதோடு வந்த தாளில் ஒரு ராத்திரிக்கு நேராக ‘ஃபார்மல்’ என்று போட்டிருக்கிறது. “ஏம்பா, மஞ்சக்குப்பத்துல டெய்லர் கோட் சூட்டுக்குப் பத்தாயிரம் சொல்றான். என் கல்யாணத்துக்கே நான் கோட்டு போடல, இப்பப் போட்டே ஆவணுமா?” பின்னாலிருந்து சித்தியின் குரல்: “பட்டுப் புடவ கட்டினா உள்ள விடுவாங்களான்னு கேளுங்க.”

கோட்டு வேண்டாம், புடவையோடு தாராளமாக விடுவார்கள். பதில் அவ்வளவுதான், ஆனால் ஏன் என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. 2025 ஜூலையில் கோர்டிலியா என்ற சுற்றுலாக் கப்பல் நம் புதுச்சேரிக் கடலில் நங்கூரம் போட்டு, பயணிகளைச் சின்னப் படகில் கரைக்கு அழைத்து வந்ததிலிருந்து இந்தப் பக்கத்து ஆட்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

படி 1: எந்தக் கம்பெனி கப்பல்?

எல்லாக் கப்பலிலும் ஒரே சட்டம் கிடையாது. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், சிலர் கோட்டைத் தைத்தும் விடுகிறார்கள். குனார்டு கம்பெனியின் குயின் மேரி 2 மாதிரி கப்பல்களில் பழைய பிரிட்டிஷ் பழக்கம் இன்னும் இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு மேல் ஒழுங்காக உடுத்தியாக வேண்டும், ‘காலா’ என்கிற விசேஷ விருந்து இரவுகளில் டக்ஸீடோ (விருந்துக்கென்றே போடும் கருப்பு கோட் சூட்), டை கட்டிய டார்க் சூட் என்று ஊரே மாறிவிடும். நேர் எதிர்ப் பக்கம் நார்வேஜியன்: ‘ஃப்ரீஸ்டைல்’ என்று பெயரே வைத்து, கட்டாய ஃபார்மல் இரவே இல்லாமல் நடத்துகிறார்கள். செலிப்ரிட்டி கம்பெனி 2015 கடைசியில் ஃபார்மல் இரவுகளை எடுத்துவிட்டு ‘ஈவ்னிங் ஷிக்’ என்று கொஞ்சம் தளர்ந்த ஒன்றைக் கொண்டுவந்தது. ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டும் நடுவில். விர்ஜின் வாயேஜஸில் ஒரு ராத்திரி எல்லோரையும் சிவப்பு உடுத்தச் சொல்வார்கள், அது விளையாட்டுக்கு.

ஆகவே முதல் வேலை, உங்கள் கம்பெனியின் இணையதளத்தில் ‘டிரஸ் கோட்’ என்று தேடி இன்றைய நிலவரத்தைப் படிப்பது. ஐந்து வருஷத்துக்கு முந்தைய யூடியூப் வீடியோவை நம்பாதீர்கள், வருஷத்துக்கு வருஷம் விதிகள் தளர்ந்துகொண்டே வருகின்றன.

படி 2: எத்தனை ராத்திரி, எந்த ராத்திரி?

தினமும் டிப்டாப்பாகப் போக வேண்டும் என்ற பயம் தேவையில்லை. மூன்று நாலு ராத்திரி பயணத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு ஃபார்மல் இரவு, ஏழு ராத்திரி என்றால் ஒன்றோ இரண்டோ. அதுவும் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே இருக்கும் நாளில்தான் அதிகம் வைப்பார்கள், ஊர் சுற்றிவிட்டு வியர்த்து வருகிறவர்களிடம் டை கட்டு என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

முதல் ராத்திரி பொதுவாக ஃபார்மல் இருக்காது, காரணம் லக்கேஜ். துறைமுகத்தில் நீங்கள் கொடுக்கும் பெட்டி உங்கள் கேபின் வாசலுக்கு வந்து சேர மாலை ஆகும், சில சமயம் ராத்திரியும் ஆகும். என் முதல் பயணத்தில் பெட்டி எட்டரைக்குத்தான் வந்தது, அதுவரை நானும் என் மனைவியும் விமானத்தில் போட்டுக்கொண்டு வந்த கசங்கிய துணியோடு உட்கார்ந்திருந்தோம். கைப்பையில் ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி வையுங்கள், போதும்.

படி 3: அந்த வார்த்தைகளை நம் ஊர்க் கணக்குக்கு மாற்றுங்கள்

‘கேஷுவல்’, ‘ஸ்மார்ட் கேஷுவல்’, ‘ஃபார்மல்’ என்று மூன்று சொல்வார்கள், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். நான் சித்தப்பாவுக்குச் சொன்ன கணக்கு இது. கேஷுவல் என்றால் சாயங்காலம் சில்வர் பீச்சுக்கோ புதுச்சேரி பீச் ரோட்டுக்கோ குடும்பத்தோடு போகும்போது போடுவது. ஸ்மார்ட் கேஷுவல் என்றால் பெண் பார்க்கப் போகும்போது போடுவது, அதாவது இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பேன்ட், மூடிய காலணி. பெண்களுக்கு நல்ல சல்வார், சாதாரணப் புடவை. ஃபார்மல் என்றால் நெருங்கிய சொந்தத்தில் ரிசப்ஷன். மணமக்கள் அளவுக்கு வேண்டாம், இரண்டாவது வரிசையில் உட்காரும் சொந்தக்காரர் அளவுக்கு.

ஒரு வார்த்தையில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ‘பிளாக் டை’ என்று போட்டிருந்தால் கருப்பு டை ஒன்று வாங்கினால் சரி என்று அர்த்தமில்லை, அது டக்ஸீடோ, வெள்ளைச் சட்டை, வண்ணத்துப்பூச்சி மாதிரி கட்டும் கருப்பு ‘போ டை’ எல்லாம் சேர்ந்த ஒரு முழு உடைக்குப் பெயர். சித்தப்பா ஒரு கருப்பு டையை ஏற்கெனவே எடுத்துத் தயாராக வைத்திருந்தார். நல்லவேளை, அவர் போகிற கப்பலில் அது தேவையே இல்லை.

படி 4: உங்களுக்கு இது வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

ஃபார்மல் விதி பெரும்பாலும் பெரிய சாப்பாட்டு அறைக்கும் அதைச் சுற்றிய சில இடங்களுக்கும்தான். மேலே பஃபே திறந்திருக்கும், அங்கே டீ-ஷர்ட்டோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு ராத்திரியைத் தவறவிடாதீர்கள் என்பேன், கப்பல் முழுக்க ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள், கப்பலின் போட்டோகிராபர்களும் மாடிப்படி ஓரம் திரை கட்டிக் காத்திருப்பார்கள். படம் எடுப்பது இலவசம், பிரிண்ட் விலையைக் கேட்டால் தலை சுற்றும். நம் போன் போதும்.

பெரிய சாப்பாட்டு அறையில் எந்த ராத்திரியும் பனியன், தொப்பி, நீச்சல் உடையோடு போகாதீர்கள். அரைக்கால் சட்டையைப் பல கம்பெனிகள் ராத்திரியில் அனுமதிப்பதில்லை.

படி 5: பீரோவைத் திறங்கள், கடைக்குப் போகாதீர்கள்

இதுதான் முக்கியமான படி. நம் வீடுகளில் ஃபார்மல் துணி இல்லாத பீரோ உண்டா?

பெண்களுக்குக் கவலையே கிடையாது. பட்டுப் புடவை எந்தக் கப்பலிலும் உச்சபட்ச ஃபார்மல்தான், கவுன் போட்டவர்களே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எதைக் கொண்டுபோவது என்பதில்தான் யோசனை வேண்டும். கனமான முகூர்த்தப் பட்டு வேண்டாம், அதைக் கட்டிக்கொண்டு ஆடுகிற கப்பலில் படி இறங்குவது பெரும்பாடு. சாஃப்ட் சில்க், க்ரேப் மாதிரி கசங்காதது ஒன்று, ஊக்கு ஒரு டஜன். சாப்பிட்ட கையோடு திறந்த டெக்குக்குப் போனால் காற்றில் முந்தானை உங்கள் சொல் கேட்காது, தோளில் மட்டும் இல்லாமல் இடுப்பிலும் ஒரு ஊக்கு குத்துங்கள். பென்சில் ஹீல்ஸ் வேண்டாம்.

ஆண்களுக்கு? பந்த்கலா (கழுத்து வரை மூடிய கோட்டு), குர்தா மேல் நேரு ஜாக்கெட், அல்லது ரிசப்ஷனுக்குத் தைத்த பழைய பிளேசர், எதுவும் சரி. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று மெடல் குத்திய கோட்டோடு ஊர்வலம் போகும் சொல்தா தாத்தாக்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள், இருக்கிற ஊர் புதுச்சேரி, அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை என்றால் கோட்டு வீட்டிலேயே தொங்கும், எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றுமே இல்லையென்றால் கல்யாணத்துக்கு வாடகைக்குக் கோட் சூட் தருகிற கடை இருக்கிறதே. புதிதாகத் தைக்காதீர்கள். நான் தைத்தேன். ஒரே ராத்திரி போட்டேன், அப்புறம் வயிறு வளர்ந்துவிட்டது.

வேட்டி? குனார்டு மாதிரி கறாரான கம்பெனியே தேசிய உடையை ஃபார்மல் என்று ஏற்கிறது, ஸ்காட்லாந்துக்காரர் பாவாடை மாதிரி இருக்கும் கில்ட் கட்டி வருகிறார், நாம் பட்டு வேட்டி கட்டினால் என்ன? இருந்தாலும் கிளம்புமுன் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, பதிலை போனில் சேமித்து வையுங்கள். 2014-ல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் தடுத்தது, அதே ஆண்டு அதற்கு எதிராகத் தமிழ்நாடு அரசு சட்டமும் கொண்டுவந்தது. ஆனால் அந்தச் சட்டம் தமிழ்நாட்டோடு சரி, நடுக்கடலுக்கு வராது. ஒட்டிக்கோ வேட்டி என்றால் நிம்மதி, மேலே முழுக்கைப் பட்டுச் சட்டை. டெக்கில் காற்று அடிக்கிறதே என்று மடித்துக் கட்டினீர்களோ, ஃபார்மல் அங்கேயே முடிந்தது.

படி 6: இஸ்திரிப் பெட்டியை வீட்டிலேயே வையுங்கள்

தீ பயத்தால் கேபினுக்குள் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை, நீராவியில் கசக்கல் எடுக்கும் ஸ்டீமரும் அப்படித்தான். ஸ்கேனில் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போது தருவார்கள். பிரின்சஸ் மாதிரி சில கம்பெனிக் கப்பல்களில் நாமே துவைத்து இஸ்திரி போட அறை உண்டு, மற்றவற்றில் காசு கொடுத்துப் போடச் சொல்ல வேண்டும். நான் செய்வது, குளியலறையில் துணியைத் தொங்கவிட்டு சூடான தண்ணீரைப் பத்து நிமிஷம் திறந்துவிடுவது. கஞ்சி போட்ட காட்டன் இதற்குச் சரிவராது.

சாப்பாட்டு அறையில் ஏசி குளிர் எலும்பைத் தொடும், ஒரு சால்வை.

படி 7: கடைசி ராத்திரி

கடைசி ராத்திரியும் சாதாரண உடைதான், ஏனென்றால் பெட்டியைக் கட்டி ராத்திரியே கேபின் வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், காலையில் கரையில்தான் மறுபடி பார்க்கலாம். மறுநாள் போடுவதற்கு ஒரு செட் துணியை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். இரண்டாவது பயணத்தில் நான் அதை மறந்தேன். காலை ஆறு மணிக்கு அலமாரியைத் திறந்தால், பெட்டியில் போட மறந்த பட்டு வேட்டி மட்டும் ஹேங்கரில் தொங்குகிறது. மேலே ராத்திரி படுத்துத் தூங்கிய டீ-ஷர்ட், கீழே ஜரிகை வேட்டி, காலில் ஹவாய் செருப்பு, இந்தக் கோலத்தில் இமிகிரேஷன் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த தமிழ் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், “கப்பல்லயே கல்யாணமா அண்ணே?” என்றார்.