புது ரைடு வருகிறது என்று சொல்வதற்கு முன்னால்: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் ஜோஹனஸ்பர்க்கின் கோல்ட் ரீஃப் சிட்டி பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு மூலையை மறைத்துத் தகர வேலி போட்டுவிட்டால் போதும், "புது ரோலர் கோஸ்டர் வருதாம்" என்ற பேச்சு ஜோபர்க்கிலிருந்து டர்பன் வரைக்கும் ஓடிவிடும். லெனேஷியாவில் இருக்கிற சித்தப்பா மகன் நேரிலேயே பார்த்தானாம், ஃபோட்டோகூட இருக்கிறதாம். இப்படிப் பேசுவதில் தப்பே இல்லை. ஒரு பூங்காவின் மேல் ஆசை உள்ளவர்கள்தான் அங்கே அடுத்து என்ன வரும் என்று யோசிப்பார்கள். ஆனால் அந்தப் பேச்சை நம்பி டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு குடும்பம் டிசம்பர் விடுமுறைக்குக் காசு சேர்த்து, என்3 சாலையில் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், வாசலில் நின்று பிள்ளைகளிடம் "அது இன்னும் வரலை கண்ணு" என்று சொல்ல வேண்டி வந்தால் அது வெறும் அரட்டை என்று விட்டுவிட முடியாது. ஊகம் செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

நான் பார்த்தவரை எல்லாத் தவறுகளுக்கும் தாய் ஒன்றுதான்: பூங்கா யாருடையது என்று கேட்காமலேயே பேச ஆரம்பிப்பது. கோல்ட் ரீஃப் சிட்டி ட்சோகோ சன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அது ஜோஹனஸ்பர்க் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம், கேசினோதான் அதன் பெரிய தொழில். அப்படிப்பட்ட நிறுவனம் பங்குதாரர்களைப் பாதிக்கும் அளவுக்குப் பெரிய தொகையை எங்கேயாவது போட்டால், பங்குச் சந்தையின் செய்திச் சேவையான சென்ஸில் சொல்லியாக வேண்டும். சின்னச் செலவுகள் அங்கே வராது, சரி, ஆனால் மார்ச்சில் முடியும் நிதியாண்டின் கணக்கும் ஆண்டறிக்கையும் பொதுவில் கிடைக்கின்றன. எங்கே புதுப்பித்தார்கள், எங்கே கையைக் கட்டிக்கொண்டார்கள் என்று அதில் ஓரளவு தெரிந்துவிடும். வேலிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதைவிட அந்த அறிக்கையில் பத்துப் பக்கம் படிப்பது மேல்.

டர்பனின் நீர்ப் பூங்காவான உஷாகா மரைன் வேர்ல்டின் கதையே வேறு. 2004இல் திறந்த அந்தப் பூங்கா எதெக்வினி மாநகராட்சிக்குச் சொந்தமானது. அங்கே புதுச் சறுக்கு வரவேண்டும் என்றால் மாநகராட்சியின் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும். மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்கும், அதற்கு முன்பே வரைவு பட்ஜெட்டை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். அந்தப் பட்ஜெட்டில் இல்லாத சறுக்கு அடுத்த டிசம்பரில் வரும் என்று யாராவது அடித்துச் சொன்னால், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் சாலைகளும் குழாய்களும் என்ன பாடுபட்டன என்று நமக்குத் தெரியும், அந்த மாநகராட்சிக்கு முன்னால் எவ்வளவு வேலை வரிசையில் நிற்கிறது என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

கோல்ட் ரீஃப் சிட்டியின் பழைய வரலாறும் இதையேதான் சொல்கிறது. அனகோண்டா 1999இல் வந்தது, டவர் ஆஃப் டெரர் 2001இல் வந்தது. இரண்டு பெரிய ரைடுகள் இவ்வளவு அடுத்தடுத்து வந்த அந்தச் சில வருடங்கள், புதிய கேசினோ உரிமங்கள் கொடுக்கப்பட்டு அந்த இடத்தில் பணம் கொட்டிய வருடங்கள். பக்கத்தில் நிற்கும் அப்பார்ட்ஹைட் அருங்காட்சியகம்கூட அந்த உரிமத்துக்காகக் கொடுத்த வாக்கின்படி எழும்பி 2001இல்தான் திறந்தது. ஆக, "ரெண்டு வருஷத்துக்கு ஒரு பெரிய ரைடு, அதுதான் கணக்கு" என்று அந்தத் தேதிகளை வைத்து ஜோசியம் சொல்லக்கூடாது. அந்த மாதிரி ஒரு காலம் திரும்ப வர, அந்த மாதிரி ஒரு காரணமும் திரும்ப வரவேண்டும்.

அடுத்தது, காகிதத்தை இரும்பு என்று நினைப்பது. நிறுவனங்கள் பெயர்களைப் பதிவு செய்துவைக்கும், அனுமதிக்கு விண்ணப்பிக்கும், அழகான ஓவியங்களையும் காட்டும். இதில் எதுவுமே ரைடு ஆகாது. டிஸ்னியே ஃப்ளோரிடாவில் உள்ள தன் எப்காட் பூங்காவில் மேரி பாப்பின்ஸ் படத்தை வைத்து ஓர் இடம் கட்டப்போவதாக 2019இல் மேடை போட்டு அறிவித்தது, ஓவியமும் காட்டியது. மறு வருடம் கொரோனா வந்தது, திட்டம் கிடப்பில் போனது, இன்றுவரை அது கட்டப்படவில்லை. கம்பெனியே வாயால் சொன்னதற்கு இந்தக் கதி என்றால், பதிவு அலுவலகத்தில் கிடைத்த ஒரு பெயருக்கு என்ன மதிப்பு இருக்கும்? நம் நாட்டில் விண்ணப்பங்களைப் பார்ப்பது பயனுள்ள வேலைதான், அதை நான் குறை சொல்லவில்லை. பெரிய கட்டுமானத்துக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடு தேவைப்பட்டால் அந்த இடத்திலேயே அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், பத்திரிகையில் போட வேண்டும், மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும். 60 வருடம் தாண்டிய கட்டடத்தில் கை வைப்பதற்கு மரபுரிமைச் சட்டப்படி தனி அனுமதி வாங்க வேண்டும். இவற்றைத் தேடிப் படிக்கிற ரசிகர் உண்மையிலேயே நல்ல வேலை செய்கிறார். ஆனால் படித்த பிறகு "விண்ணப்பித்திருக்கிறார்கள்" என்று எழுத வேண்டும், "வருகிறது" என்று எழுதக்கூடாது.

மூடிய ரைடைப் பார்த்ததும் அதை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டப்போகிறார்கள் என்று முடிவு கட்டுவதும் இதே வகைதான். அனகோண்டாவைச் செய்தது ஸ்விட்சர்லாந்தின் ஜியோவனோலா. அந்த நிறுவனம் 2000களின் தொடக்கத்திலேயே திவாலாகிவிட்டது. செய்த கம்பெனியே இல்லாத ஒரு ரைடுக்கு ஒரு பாகம் தேய்ந்தால், கடையில் போய் வாங்கிவர முடியாது, அளவெடுத்துச் செய்ய ஆள் தேட வேண்டும், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள் ஆகும். பள்ளி நடக்கும் மாதங்களில் ஒரு ரைடு நின்றால் பெரும்பாலும் அது பராமரிப்பு. விடுமுறைக் கூட்டம் வரும் நேரத்தில் நின்று, நிர்வாகமும் வாயைத் திறக்கவில்லை என்றால் அப்போது சந்தேகப்படலாம்.

பணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. அமெரிக்கப் பூங்காக்களின் நடப்பை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பதைப் பலர் செய்கிறார்கள், அது நம் ஊருக்குச் சரிப்படாது. ரோலர் கோஸ்டர்களை யூரோவிலோ டாலரிலோ வாங்க வேண்டும், நுழைவுச்சீட்டையோ ரேண்டில் விற்க வேண்டும். ரேண்ட் சரியும் வருடத்தில், போன வருடம் கட்டுப்படியான ரைடு இந்த வருடம் கட்டுப்படியாகாது. மின்வெட்டு மோசமாக இருந்த 2022, 2023இல் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கவே பணம் கரைந்த தொழில்கள் எத்தனை! அதனால்தான் நம் பூங்காக்களில் வேறு நாட்டில் ஓடிய ரைடுகளும் வந்து நின்றிருக்கின்றன. கோல்ட் ரீஃப் சிட்டியில் வெகுகாலம் ஓடிய கோல்டன் லூப், 1977இல் அமெரிக்காவின் கரோவிண்ட்ஸ் பூங்காவில் வேறு பெயரில் தொடங்கிய ரைடு. இந்த விஷயம் தெரிந்தவர்கள் வெளிநாட்டில் எதைக் கழற்றுகிறார்கள் என்று கவனிப்பார்கள், அது புத்திசாலித்தனம். ஆனால் ஐரோப்பாவில் எதைக் கழற்றினாலும் அது நமக்குத்தான் வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தால் அதுவும் தவறாகிவிடும். கழற்றிய ரைடுகளில் நிறைய பழைய இரும்புக்குத்தான் போகின்றன.

மண்ணையும் மறக்கக்கூடாது. கோல்ட் ரீஃப் சிட்டி நிற்பது 1971இல் மூடிய தங்கச் சுரங்கத்தின் மேல். ஜோபர்க்கின் சுரங்கப் பட்டையில் அடியில் தோண்டிய நிலத்தின் மேல் எவ்வளவு உயரம் எழுப்பலாம் என்பதற்கே கட்டுப்பாடுகள் உண்டு. டவர் ஆஃப் டெரர் கோபுரத்தின் மேலிருந்து பழைய சுரங்கக் குழிக்குள் 47 மீட்டர் விழுந்து 6.3 ஜி, அதாவது நம் எடையைப் போல 6.3 மடங்கு அழுத்தம், கொடுப்பது அந்த மண்ணைப் புரிந்துகொண்டு செய்த வேலை, எனக்கு அந்த ரைடின் மேல் அவ்வளவு மரியாதை. அந்த நிலத்தில் "நூறு மீட்டர் கோஸ்டர் வரப்போகுது" என்று படம் வரைகிறவர்கள் முதலில் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும்.

அப்புறம், வேலை செய்கிற பிள்ளைகளைப் பிடித்து உலுக்குவது. சீட் பெல்ட்டைச் சரிபார்க்கும் தம்பிக்கு நிர்வாகக் குழுவின் திட்டம் தெரியாது. தெரிந்தது போல எதையாவது சொன்னாலும், "அங்கே வேலை செய்யும் இன்னார் சொன்னார்" என்று பெயரோடு பரப்பினால் போவது அவர் வேலை. வேலை கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் நாட்டில் இதைச் செய்யவே கூடாது.

திறப்புத் தேதியைக் கல்லில் எழுத்தாக எடுத்துக்கொள்வதும் வேண்டாம். அமெரிக்காவின் சீடர் பாயின்ட்டில் டாப் த்ரில் 2 ரைடு 2024 மே 4 அன்று திறந்தது, சில நாட்களிலேயே நின்றது, அதன் பிறகு அந்த வருடம் ஓடவே இல்லை. அதற்கென்றே விமான டிக்கெட் எடுத்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒரு புது ரைடுக்காகப் பயணம் போகிறவர்கள் அதன் முதல் மாதங்களைத் தள்ளிவிட்டுப் போவது நல்லது.

நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்காரர்கள் மறக்கக்கூடாத ஒன்று இருக்கிறது, இதை நான் ரொம்பவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2008இல் துபாயின் ருவாட் நிறுவனம் டர்பனுக்கு வடக்கே, துகேலா ஆற்றைத் தாண்டி, எமகாம்பினியில் அமாஜூலு வேர்ல்ட் என்ற மாபெரும் பொழுதுபோக்கு நகரம் கட்டப்போவதாக மாகாண அரசோடு ஒப்பந்தம் பேசியது. 44 பில்லியன் ரேண்ட் என்றார்கள். தீம் பார்க், ஸ்டேடியம், ஹோட்டல், கோல்ஃப் மைதானம் என்று பட்டியல் நீண்டது. "ஆப்பிரிக்காவுக்கே ஒரு டிஸ்னிலேண்ட்" என்ற கனவில் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்த நிலம் காலியாக இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே வீடு கட்டி, கரும்பு போட்டு, முன்னோரைப் புதைத்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தெருவில் இறங்கினார்கள், நெடுஞ்சாலையை மறித்தார்கள், போலீஸோடு மோதல் வந்தது. பூங்கா வரவே இல்லை. இன்றும் யாராவது "வடக்குக் கரையில் பெரிய பார்க் வருது" என்று வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டும்போது, அந்த வட்டத்துக்குள் யார் வாழ்கிறார்கள் என்ற கேள்வி நம்மிடமிருந்து வரவேண்டும். நிறவெறி ஆட்சி இந்தியர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் எப்படி உருவாயின என்று தெரிந்த நாமே, கேட்டோ மேனரிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளான நாமே, அதைக் கேட்காமல் இருக்கக்கூடாது.

கடைசியாக, மூடப்போகிறார்கள் என்ற வதந்திகள். புதுசு வருகிறது என்ற பேச்சைவிட இவற்றை நான் கவனமாகக் கேட்பேன், ஏனென்றால் நிர்வாகங்கள் திறப்பைத் தம்பட்டம் அடிப்பது போல மூடுவதை அடிப்பதில்லை. நியூஜெர்சியின் கிங்டா கா, 139 மீட்டர், ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான கோஸ்டர், 2024 நவம்பர் 10 அன்று கடைசியாக ஓடியது. மூடிவிட்டோம் என்ற அறிவிப்பு அதற்குச் சில நாள் கழித்துத்தான் வந்தது, பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். முறையாக விடைபெறலாம் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. கேப் டவுனின் ரட்டாங்கா ஜங்ஷன் பூங்கா 1998இல் திறந்து 2018 மே மாதத்தோடு மூடியது, திரும்பத் திறப்பார்கள் என்று அதன் பிறகும் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அது நின்ற செஞ்சுரி சிட்டியில் அவ்வளவு விலை போகும் நிலம் கட்டடங்களுக்குத்தான் போகும். உங்கள் பிள்ளைகள் ஏறவேண்டும் என்று நீங்கள் ஆசைப்படும் பழைய ரைடு ஏதாவது இருந்தால், வதந்தி உண்மையா பொய்யா என்று ஆராய்ந்துகொண்டு வருடத்தைக் கடத்தாதீர்கள். அது ஓடுகிறதா என்று பூங்காவுக்கே ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு, இந்த வருடமே கூட்டிக்கொண்டு போங்கள்.