ஸ்மார்ட் விளக்குக்கு முதல் ரொட்டீன்: படிப்படியாக அமைக்கும் முறை

ஸ்மார்ட் விளக்கைக் கட்டுப்படுத்தும் கைபேசிச் செயலியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு வேண்டியதை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, "இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை நடைவழியில் யாராவது நடந்தால் விளக்கு 10 சதவீத வெளிச்சத்தில் எரிய வேண்டும், நடமாட்டம் நின்று 3 நிமிடங்கள் ஆனதும் அணைய வேண்டும்" என்று எழுதலாம். ரொட்டீன் என்பது, எப்போது என்ன நடக்க வேண்டும் என்று செயலிக்குச் சொல்லிவைக்கும் தானியங்கி ஏற்பாடு. அதை அமைப்பதில் கடினமான பகுதி இதுவே.

இந்த வாக்கியத்தில் நடமாட்டம்தான் ரொட்டீனைத் தொடங்கிவைக்கும் தூண்டுதல், இரவு நேரம் நிபந்தனை, விளக்கு எரிவது செயல். புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் தூண்டுதலையும் நிபந்தனையையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். 10 மணியைத் தூண்டுதலாக வைத்தால், நடைவழியில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியாக 10 மணிக்கு விளக்கு எரிந்துவிடும்.

அடுத்து, பல்பையும் நடமாட்டத்தைக் கண்டறியும் மோஷன் சென்சாரையும் செயலியில் இணைத்துக்கொள்ளுங்கள். வைஃபையில் இயங்கும் பல கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதால், இணைப்பு கிடைக்காவிட்டால் முதலில் ரவுட்டரில் அதைச் சரிபாருங்கள். 'பல்ப் 1', 'பல்ப் 2' என்று விடாமல், 'நடைவழி விளக்கு' என்று இடத்தைச் சொல்லும் பெயரை வையுங்கள். சுவர் சுவிட்சை யாரும் அணைக்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். மின்சாரம் இல்லாத பல்புக்கு எந்தக் கட்டளையும் போய்ச் சேராது.

இனி ரொட்டீனை உருவாக்கலாம். அலெக்சா செயலியில் 'மோர்' பகுதிக்குள் 'ரொட்டீன்ஸ்' இருக்கும். கூகுள் ஹோமில் 'ஆட்டோமேஷன்ஸ்' என்ற பகுதி உண்டு. ஆப்பிள் ஹோமில் 'ஆட்டோமேஷன்' பகுதியைப் பயன்படுத்த, ஹோம்பாட் அல்லது ஆப்பிள் டிவி போன்ற ஒரு மையக் கருவி வீட்டில் இருக்க வேண்டும். எந்தச் செயலியாக இருந்தாலும் தூண்டுதலாகச் சென்சாரையும், செயலாக விளக்கையும் அதன் வெளிச்ச அளவையும் தேர்ந்தெடுத்து, நேர வரம்பை இட்டுச் சேமியுங்கள்.

விளக்கை எரியவைக்கும் ரொட்டீனோடு நிறுத்திவிடாதீர்கள். அணைப்பதற்கான ரொட்டீனையும் அப்போதே அமைத்துவிடுங்கள். பரவலாகக் கிடைக்கும் மோஷன் சென்சார்கள், உடலின் வெப்பத்திலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் இடம் மாறுவதைக் கவனித்தே ஆள் நடமாட்டத்தை அறிகின்றன. எனவே அசையாமல் உட்கார்ந்திருப்பவரை அவை காண்பதில்லை. குளியலறை விளக்கு அணையும் நேரத்தை நான் 1 நிமிடமாக வைத்திருந்தபோது, உள்ளே இருந்த என் அம்மா நடுவிலேயே இருட்டில் தவிக்க நேர்ந்தது. அதன்பின் அங்கே 15 நிமிடங்களாக உயர்த்தினேன். கடந்து செல்லும் இடத்துக்கு 3 நிமிடங்கள் போதும். ஆள் தங்கும் இடத்துக்குத் தாராளமாக வையுங்கள்.

சோதிக்கும்போது, ரொட்டீனை உடனே இயக்கும் பொத்தானை மட்டும் நம்ப வேண்டாம். அது செயல் நடக்கிறதா என்று காட்டுமே தவிர, தூண்டுதல் வேலை செய்கிறதா என்று காட்டாது. நேர வரம்பைத் தற்காலிகமாக இப்போதைய நேரத்துக்கு மாற்றி, நடைவழியில் நீங்களே நடந்து பாருங்கள். பிறகு விலகி நின்று, விளக்கு அணையும் வரை காத்திருங்கள். முடிந்ததும் பழைய நேரத்தை மறக்காமல் திரும்ப இடுங்கள்.

மாலை விளக்குக்குக் கடிகார நேரத்தைவிடச் சூரிய மறைவைத் தூண்டுதலாக வைப்பது நல்லது. நாளுக்கு நாள் மாறும் நேரத்தை, நீங்கள் கொடுத்த முகவரியைக் கொண்டு செயலியே கணக்கிட்டுக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் போன்ற சூடாகும் கருவிகளை, ஆள் இல்லாத நேரத்தில் தானாக இயங்கும் ரொட்டீனில் சேர்க்கவே கூடாது.

கடைசியாக, பல்பின் அமைப்புகளில் மின்சாரம் போய்த் திரும்பும்போது அது என்ன செய்ய வேண்டும் என்ற தேர்வு இருந்தால், 'முந்தைய நிலை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பல பல்புகள் மின்சாரம் வந்தவுடன் முழு வெளிச்சத்தில் எரியும்படியே வருகின்றன. நள்ளிரவில் மின்சாரம் வந்தால் தூங்குபவர்கள் விழித்துக்கொள்வார்கள்.