மூணு வயசு வாண்டுக்கு ஜப்பான் அனிமேஷன் படம் எப்படி செலக்ட் பண்றது?

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் பண்ண தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன். 2003ல ஆஸ்கர் வாங்குன படம், எல்லாரும் ஆஹா ஓஹோங்கறாங்க, எப்படியும் கார்ட்டூன் தானேன்னு மூணரை வயசு பொண்ண மடியில வச்சுக்கிட்டு ஸ்பிரிட்டட் அவே போட்டுட்டேன். கொஞ்ச நேரத்துலயே அந்தப் படத்துல வர்ற பொண்ணோட அப்பா அம்மா ஆளில்லாத கடையில உக்காந்து அள்ளி அள்ளித் தின்னு பன்னியா மாறுவாங்கல்ல, அந்த எடம் வந்துச்சு. டிவிய ஆஃப் பண்ணி, தூக்கிட்டு மாடிக்குப் போய் காக்கா காட்டி, அழுகைய ஒருவழியா நிறுத்தியாச்சு. ஆனா ராத்திரி எங்க வீட்டுக்காரர் மூணாவது தோசைக்குக் கை நீட்டுனதும் தட்ட வெடுக்குன்னு இழுத்துட்டா. "சாப்பிடாதப்பா, பன்னி ஆயிடுவ!" நாலு நாள் அந்த மனுஷன் கிச்சன்ல ஒளிஞ்சு நின்னுதான் சாப்பிட்டார்.

அப்பதான் ஒரு விஷயம் புரிஞ்சுது. அதே படத்துல நிழல் மாதிரி பேயெல்லாம் வருது, அத அவ கண்டுக்கவே இல்ல. இந்த வயசுக்கு பூதம் பிசாசு பெரிய பயமில்ல, அம்மா அப்பா காணாம போறதுதான் பயம். இத மனசுல வச்சுக்கிட்டு கீழ இருக்கறத படிங்க.

படி 1: பேரையும் ரேட்டிங்கையும் நம்பி மட்டும் போடாதீங்க

ஸ்பிரிட்டட் அவே எடுத்த ஜப்பான் அனிமேஷன் கம்பெனி பேரு ஜிப்லி. "ஜிப்லி படம்னா குழந்தைங்க படம்"னு ஒரு நெனப்பு நம்மள்ல நிறைய பேருக்கு இருக்கு. 1988 ஏப்ரல்ல ஜப்பான் தியேட்டர்கள்ல ஜிப்லியோட ரெண்டு படம் ஒரே டிக்கெட்ல சேர்ந்தே ஓடுச்சு. ஒண்ணு டைரக்டர் மியாசாகியோட மை நெய்பர் டோட்டோரோ, குட்டிப் பசங்களுக்கு இதவிட நல்ல படம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. இன்னொண்ணு இன்னொரு டைரக்டர் தகாஹாடாவோட கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ், போர்ல அம்மாவ இழந்த அண்ணனும் குட்டித் தங்கச்சியும் பட்டினியில வாடுற கதை, பெரியவங்களே ரெண்டு நாள் சோறு இறங்காம இருப்பாங்க. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே நாள் ரிலீஸ்.

ரேட்டிங்கும் அப்படித்தான். அம்பு பட்டு தலையும் கையும் பறக்கற பிரின்சஸ் மோனோநோகேக்கு அமெரிக்காவுல பிஜி-13 (13 வயசு ஆகாத பசங்கன்னா பெத்தவங்க உஷாரா இருக்கணும்), பிரிட்டன்ல வெறும் பிஜி (பெத்தவங்க பார்த்து முடிவு பண்ணிக்கலாம்). பிரிட்டன்ல எல்லாரும் பார்க்கலாம்னு யு குடுத்தாலும் பொதுவா நாலு வயசுக்கு மேலதான் கணக்கு. மூணு வயசுக்கு நீங்களே பார்த்து முடிவு பண்றதுதான் ஒரே வழி.

டிவியில தமிழ்ல வர்ற ஷின்சானப் பத்தியும் சொல்லிடறேன். அது மொதல்ல ஜப்பான்ல பெரிய ஆம்பளைங்க படிக்கற காமிக்ஸ் பத்திரிகையில வந்த கதை, 1990ல ஆரம்பிச்சது. ஹீரோவுக்கு அஞ்சு வயசுங்கறதால அஞ்சு வயசுக்கான படம் ஆயிடாது.

படி 2: பசங்க தூங்குனப்புறம் நீங்க முதல்ல பாருங்க

பேப்பர் பேனாவோட உக்காருங்க. பெத்தவங்க ஸ்கிரீன விட்டுப் போற எடம் ஒவ்வொண்ணையும் நிமிஷத்தோட குறிச்சுக்கோங்க, திரும்ப எத்தனாவது நிமிஷத்துல வர்றாங்கன்னும் எழுதுங்க. நடுவுல இருக்கற இடைவெளிதான் முக்கியம். திடீர்னு வர்ற பெரிய சத்தத்தையும் ஓரமா எழுதிக்கலாம். அவ்வளவுதான் வேலை.

போன்யோவ வச்சு சொல்றேன், 2008ல வந்தது. அஞ்சு வயசு சோஸ்கே, போன்யோங்கற ஒரு மீன் பொண்ணு, அலையெல்லாம் மீன் மாதிரி துள்ளிக்கிட்டு வரும், அவ ஹாமப் (பன்னிக்கறித் துண்டு) பார்த்து குதிக்கறதுக்கே பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. (அந்தப் பையன் அம்மாவ லிசான்னு பேர் சொல்லித்தான் கூப்பிடுவான், எங்க வீட்ல ஒரு வாரம் எனக்கும் அதே மரியாதை.) ஆனா புயல் ராத்திரியில லிசா அவன வீட்ல விட்டுட்டு முதியோர் இல்லத்தப் பார்க்கக் கார்ல போயிடறா, அப்புறம் தேடிப் போறவனுக்கு காலி கார் மட்டும்தான் கிடைக்குது, அவன் அழறான். கடல் கொந்தளிக்கறத என் பொண்ணு வாயத் தொறந்துக்கிட்டு பார்த்தா, காலி காரப் பார்த்ததும் என் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. நான் முன்னாடியே குறிச்சு வச்சிருந்ததால "அம்மா பாட்டிங்களோட பத்திரமா இருக்கா, இப்ப வந்துருவா"ன்னு சொல்ல முடிஞ்சுது. கதைய முன்னாடியே சொன்னா மூணு வயசுக்கு சுவாரஸ்யம் ஒண்ணும் குறையாது, சொல்லிடுங்க.

படி 3: நீளம், மொழி

ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேண்டாம்னு 2019ல உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. ரெண்டு வயசு ஆகலைன்னா இந்தப் பதிவ மூடி வச்சுட்டு அப்புறமா வாங்க. டோட்டோரோ 86 நிமிஷம், அதனால ரெண்டு நாளாப் பிரிச்சுதான் காட்டணும்.

தமிழ் ஆடியோ நான் தேடுன வரைக்கும் கிடைக்கல. ஜப்பானிய மொழியிலயே போட்டுட்டு பக்கத்துல உக்காந்து நானே கதை சொன்னேன், அது இன்னும் நல்லாவே இருந்துச்சு. வளவளன்னு பேசிக்கிட்டே இருக்கற படத்துக்கு இது ஒத்து வராது.

படி 4: எந்த வரிசையில

மொதல்ல பாண்டா கோ பாண்டா. 1972ல தகாஹாடா டைரக்ட் பண்ணி மியாசாகி கதை எழுதுனது, அதே வருஷம்தான் டோக்கியோ உவேனோ மிருகக்காட்சி சாலைக்கு சீனாவுல இருந்து ரெண்டு பாண்டா வந்து ஊரே அல்லோலகல்லோலப்பட்டுச்சு. அடுத்த வருஷம் இன்னொரு பாகம் வந்துச்சு, ரெண்டுமே 40 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். பாட்டி ஊருக்குப் போன வீட்ல தனியா இருக்கற பொண்ணுகிட்ட ஒரு பெரிய பாண்டாவும் குட்டியும் வந்து குடும்பம் நடத்துதுங்க. பழைய படம்தான், கோடெல்லாம் எளிமையா இருக்கும், அதுவே சின்னக் கண்ணுக்கு நல்லது.

அடுத்து டோட்டோரோ. வில்லனே கிடையாது. நாலு வயசு மேய் புதருக்குள்ள நுழைஞ்சு போய் டோட்டோரோங்கற பெரிய மிருகத்தோட வயித்து மேல விழுந்து, மூக்கத் தொட்டுட்டு அப்படியே தூங்கிடுவா, அந்த சீனுக்கு என் பொண்ணு என் வயித்துல தலைய வச்சுக்கிட்டா. அப்பா ரெண்டு பொண்ணுங்களோட சேர்ந்து குளிக்கற சீன் ஒண்ணு வரும், ஜப்பான் வீடுகள்ல அது சாதாரண வழக்கம், தடுமாறாதீங்க. கவனிக்க வேண்டியது வேற. அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, கடைசிப் பகுதியில மேய் காணாம போறா, குளத்துல ஒரு குட்டிச் செருப்பு கிடைக்குது. "அது வேற பாப்பாவோட செருப்பு"ன்னு அந்த சீனுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. உங்க வீட்ல யாராவது நிஜமாவே ஆஸ்பத்திரியில இருந்தா இப்போதைக்கு இந்தப் படம் வேண்டாம்.

போன்யோவுக்கு நாலு வயசு ஆகட்டும். கிகீஸ் டெலிவரி சர்வீஸ்ல 13 வயசு பொண்ணு வீட்ட விட்டுக் கெளம்பறா, அப்பா அம்மாவே அனுப்பி வைக்கறாங்க, அது புரிய அஞ்சாறு வயசாவது வேணும்.

ஜப்பான் வாண்டுங்களோட செல்லம்னா அது இதெல்லாம் இல்லீங்க, ஆன்பான்மேன். தலையே பன்னு, உள்ள இனிப்புப் பயறு, பசிச்சவங்களுக்கு தன் முகத்தப் பிச்சுக் குடுப்பான். யானாசே தகாஷின்னு ஒருத்தர் உருவாக்குனது, போர்ல பட்டினி கிடந்த மனுஷன், அதனாலதான் அவரோட ஹீரோ சண்டைக்கு முன்னாடி சோறு போடறான். 1988ல இருந்து டிவியில ஓடுது, படமும் வருஷா வருஷம் வருது. இங்க கிடைக்கறது கஷ்டம், கிடைச்சா விட்டுறாதீங்க.

படி 5: போடற அன்னிக்கு

பகல்ல போடுங்க, லைட்டு எரியட்டும், சவுண்ட பாதியாக் குறைங்க, வயிறு நெறஞ்சிருக்கணும். டோட்டோரோவ மழை பஸ் ஸ்டாப் சீனோட நிறுத்துங்க, முக்கால் மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கும். குடை மேல சொட்டுற சத்தம் புடிச்சுப்போய் டோட்டோரோ ஒரு குதி குதிக்கும், மரத்துத் தண்ணி மொத்தமா கொட்டும், இலையில கட்டுன விதைப் பொட்டலம் ஒண்ணு குடுத்துட்டு பூனை உருவத்துல வர்ற பஸ்ல ஏறிப் போயிடும். நடுவுல நிறுத்துனா அழுவாங்கன்னு பயந்தேன், ஆனா அது கிளம்பிப் போனதும் இவளே கைய ஆட்டி டாட்டா சொல்லிட்டா.

மறுநாள் மீதிப் படத்துல அந்த விதை ராத்திரியோட ராத்திரியா பெரிய மரமா வளருதா, அத அவ பார்த்துட்டா, அப்புறம் கேக்கணுமா, எங்க வீட்லயும் விதை போட்டே ஆகணும்னு ஒரே அடம். அஞ்சறைப் பெட்டியில கடுகுதான் இருக்கு, பக்கத்து வீட்டு அக்காகிட்ட நாலு வெண்டை விதை வாங்கி தொட்டியில போட்டோம். குடையப் புடிச்சுக்கிட்டு தொட்டி முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்து, டோட்டோரோ மாதிரியே ரெண்டு கையையும் சேர்த்து மேல மேலன்னு இழுத்தா. அஞ்சாவது நாள் ரெண்டு முளைச்சுது. மீதி ரெண்டும் ஏன் வரலைன்னு இன்னிக்கு வரைக்கும் என்கிட்டதான் கணக்கு கேக்கறா.