தகெமிட்சுவைக் கேட்க ஆரம்பிப்பது எப்படி

படங்களுக்கு ஒலி சேர்ப்பது என் வேலை. ஒருநாள் வேலை முடிந்ததும் ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தகெமிட்சுவின் ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு ஒன்றைப் போனில் போட்டுவிட்டு கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இசை நின்றுவிட்டதோ என்று இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அந்த இடத்தில் அவர் மௌனத்தை எழுதியிருந்தார். வேறு வேலை செய்துகொண்டே கேட்கிறவருக்கு அது வெறும் ஓட்டையாகத்தான் படும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: கச்சேரி மேடைக்காக எழுதியதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அவர் இசையமைத்த படங்களைப் பாருங்கள். அவருடைய மௌனம் அங்கே என்ன செய்கிறது என்பது கண்ணுக்கு எதிரிலேயே தெரியும்.

தொண்ணூறுக்கும் மேற்பட்ட படங்களுக்கு அவர் இசையமைத்திருக்கிறார். முதலில் பார்க்க வேண்டியது அகிரா குரோசாவாவின் ‘ரான்’ (1985). அதில் மூன்றாம் கோட்டை தாக்கப்படும் காட்சி வருமுன் ஒரு காரியம் செய்யுங்கள். சாதாரண வசனங்கள் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு ஒலியை வைத்துவிட்டு, ரிமோட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள். காட்சி தொடங்கியதும் வாள், குதிரை, அலறல் எல்லாம் காணாமல் போகும். அம்புகள் பாய்கின்றன, கோட்டைப் பெண்கள் ஒருவரையொருவர் குத்திக்கொள்கிறார்கள், இரத்தம் வழிகிறது. காதில் விழுவது தகெமிட்சுவின் மெதுவான, கனத்த ஆர்க்கெஸ்ட்ரா மட்டும். பல நிமிடங்களுக்குப் பிறகு ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தம். கதையின் முதிய பிரபுவுடைய மூத்த மகன் தாரோ குதிரையிலிருந்து சரிகிறான். அந்த நொடியில் போரின் சத்தம் முழுவதும் திரும்பி வந்து மோதும். நடுவில் ஒலியைக் கூட்டியிருந்தால் அந்த வெடி வெறும் பெரிய சத்தமாகத்தான் இருக்கும். கூட்டாமல் இருந்தால் உடம்பு தூக்கிப் போடும். ஒலி சேர்ப்பவனாகச் சொல்கிறேன், ஒரு போர்க்களத்தின் எல்லா சத்தத்தையும் எடுத்துவிடுவதற்குத் துணிச்சல் வேண்டும். குரோசாவா ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரைப் போன்ற இசையை விரும்பினார். தகெமிட்சுவுக்கு அதில் முழு உடன்பாடில்லை. அந்த இழுபறி இசையிலேயே கேட்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தது மசாகி கோபயாஷியின் ‘க்வைதான்’. நான்கு பேய்க் கதைகள் கொண்ட படம். முதல் கதையான ‘கறுப்புக் கூந்தல்’ போதும். கடைசிப் பகுதியில் சாமுராய் பாழடைந்த வீட்டுக்குள் தடுமாறி ஓடுகிறான், தரைப் பலகைகள் உடைகின்றன. உடையும்போது சத்தம் வராது. கொஞ்சம் தள்ளி, எதிர்பாராத இடத்தில் மரம் பிளக்கும் ஒலி வரும். நிஜமான மரத்தின் ஒலியையே தகெமிட்சு இசையாக ஆக்கியிருக்கிறார். இந்தக் காட்சியை ஒருமுறை ஒலியோடும், ஒருமுறை ஒலியில்லாமலும், இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டும் பாருங்கள். மூன்றாவது முறைதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஹிரோஷி தெஷிகஹாராவின் ‘மணல்மேட்டுப் பெண்’ணையும் (1964) நேரம் கிடைக்கும்போது பாருங்கள். மணல் நகர்வதைக் கம்பி வாத்தியங்களில் கேட்கலாம்.

இந்த இடத்தில் அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். 1930-இல் டோக்கியோவில் பிறந்தார். 1944-இல், பதினான்கு வயதில், ராணுவத் தளத்து வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டார். மேல்நாட்டு இசைக்குத் தடை இருந்த காலம். அங்கே ஓர் அதிகாரி ரகசியமாக கிராமபோனில் ஒரு பிரெஞ்சுக் காதல் பாட்டை ஓடவிட, அந்தச் சிறுவனுக்கு வழி தெரிந்துவிட்டது. இசையமைப்பாளர் யாசுஜி கியோசேயிடம் சிறிது காலம் படித்ததைத் தவிர, பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர். ஜப்பானிய வாத்தியங்கள் அவருக்குப் போர்க்கால நினைவுகளைக் கிளறியதால் நெடுநாள் அவற்றை ஒதுக்கி வைத்திருந்தார். புன்ராகு என்ற பொம்மலாட்டத்தின் இசையைக் கேட்டபோதுதான் அந்தக் கதவு திறந்தது.

படங்களுக்குப் பிறகு 1957-இல் எழுதிய ‘கம்பி வாத்தியங்களுக்கான ரெக்வியம்’ கேளுங்கள். ரெக்வியம் என்றால் இறந்தவருக்கான அஞ்சலி இசை. ‘ரஷோமோன்’, ‘செவன் சாமுராய்’ படங்களுக்கு இசையமைத்த ஃபுமியோ ஹயசாகாவின் நினைவாக எழுதியது. தகெமிட்சுவே அப்போது நோயில் கிடந்தார். 1959-இல் ஜப்பானுக்கு வந்திருந்த ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி தற்செயலாக இதைக் கேட்டு, முழுவதையும் கேட்டே தீருவேன் என்று உட்கார்ந்து, பிறகு பாராட்டினார். இதில் தாளத்தைத் தேடாதீர்கள். மூச்சைக் கவனியுங்கள். ஒவ்வொரு சொற்றொடரும் எழும்பி, தயங்கி, அடங்கும். சின்னப் படைப்புதான், ஒரே மூச்சில் இரண்டு முறை கேட்டுவிடலாம்.

அப்புறம்தான் ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’. நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கின் 125-ஆம் ஆண்டுக்காக எழுதியது. 1967 நவம்பரில் செய்ஜி ஓசாவா நடத்த, கின்ஷி த்சுருதா பீவாவும் கட்சுயா யோகோயாமா ஷாகுஹாச்சியும் வாசித்தார்கள். பீவா வீணை இனத்தைச் சேர்ந்த கம்பி வாத்தியம், ஷாகுஹாச்சி மூங்கில் குழல். ஹெட்போனைக் கழற்றிவிட்டு இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் உட்காருங்கள். ஆர்க்கெஸ்ட்ராவை அவர் இடமும் வலமுமாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஜப்பானிய வாத்தியங்களையும் ஆர்க்கெஸ்ட்ராவையும் கலந்து இனிமையாக்கும் எண்ணம் அவருக்கு இல்லை, ஜப்பானும் மேல்நாடும் எதிரெதிரே நிற்கின்றன. பின்பகுதியில் ஆர்க்கெஸ்ட்ரா ஒதுங்கிக்கொள்ள, பீவாவும் குழலும் மட்டும் நெடுநேரம் வாசிக்கும். அங்கேதான் பொறுமை வேண்டும். பீவாவின் கம்பியைப் பெரிய மீட்டுகட்டையால் அடிக்கும்போது ஓர் அதிர்வு, ஓர் இரைச்சல் சேர்ந்தே வரும். அதற்கு ஜப்பானிய மொழியில் ‘சவாரி’ (sawari) என்று பெயர். நமக்கு இது அந்நியமே அல்ல. தம்புராவில் ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்தி எந்த ரீங்காரத்தைத் தேடுகிறோமோ, அதற்கு உறவான ஒலி. பீவா வரும்போது சுரத்தை விட்டுவிட்டு அந்த இரைச்சலைப் பின்தொடருங்கள். அது தேய்ந்து எங்கே மறைகிறது, அடுத்த அடி எப்போது விழுகிறது என்று பாருங்கள். இடையிலுள்ள அந்த வெளியை ஜப்பானியர் ‘மா’ என்பார்கள்.

இதுவரை கடினமாக இருந்தால் கிடாருக்கு வாருங்கள். 1977-இல் பன்னிரண்டு பாடல்களை அவர் தனிக் கிடாருக்கு மாற்றி எழுதினார். பீட்டில்ஸ் பாடல்களும் அதில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது 1995-இல், கடைசி மாதங்களில், கிடாருக்காக எழுதிய ‘இன் த வுட்ஸ்’. 1996 பிப்ரவரி 20-இல் அவர் இறந்தார். மறுநாள் வேலை இல்லாத இரவில், விளக்கை அணைத்துவிட்டு, தானாக அடுத்த பாட்டுக்குப் போகும் வசதியையும் நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். கடைசி நாண் அடங்கியபின் அறையில் என்ன ஒலிகள் இருக்கின்றன என்று ஒரு நிமிடம் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.