கொழுப்பு ஏறிய கல்லீரல்: எம்ஆர்ஐ எண்கள் எங்கே ஏமாற்றும்?

கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு என்று அளப்பது ஒரு வேலை. அதே கொழுப்பு டி1 (சிக்னல் மீளும் நேரம்), டி2 ஸ்டார் (சிக்னல் தேயும் நேரம்), ஏடிசி (தண்ணீர் பரவும் வேகம்) எண்களுக்குள் புகுந்து அவற்றைக் கெடுப்பது வேறு சங்கதி. தவறுகள் அதிகம் நடப்பது இந்த இரண்டாவதில்தான்.

கொழுப்பின் புரோட்டான்கள் தண்ணீரின் புரோட்டான்களைவிடச் சற்றே மெதுவாகச் சுழல்கின்றன. 1.5 டெஸ்லாவில் (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அளவு) சுமார் 2.3 மில்லிசெகண்டில் இரண்டும் எதிரெதிராக நிற்கும், 4.6-ல் ஒன்றுசேரும். 3 டெஸ்லாவில் இந்த நேரங்கள் பாதியாகும்.

இந்த இரண்டு நேரங்களில் பதியும் சிக்னல்களை, அதாவது இரண்டு எக்கோவை, மட்டும் எடுத்துக் கழித்துப் பார்ப்பதுதான் பழைய வழி. கல்லீரலில் இரும்பும் சேர்ந்திருந்தால் சிக்னல் வேகமாகத் தேய்ந்து இந்த வழி கவிழ்ந்துவிடும். கணக்கே போட்டுப் பார்க்கலாம்: 1.5 டெஸ்லா, கொழுப்பு 15%, டி2 ஸ்டார் 5 மில்லிசெகண்ட். எதிரெதிர் நிலையில் சிக்னல் 0.7-லிருந்து 0.44 ஆகத் தேயும். ஒன்றுசேரும் எக்கோவோ இன்னும் தாமதமாக வருவதால் 1-லிருந்து 0.40-க்கு இறங்கிவிடும். கொழுப்பு இருந்தும் இல்லாததுபோல் தெரியும். இன்னொன்று, 30% கொழுப்புக்கும் 70%-க்கும் எதிரெதிர் சிக்னலின் அளவு ஒன்றே.

ஆறு எக்கோ எடுத்து, டி2 ஸ்டார் தேய்வையும் சேர்த்துப் பொருத்தினால் இது தீரும். ஆனால் ஃபிளிப் ஆங்கிளை (புரோட்டான்களைச் சாய்க்கும் கோணம்) கூட்டிவிடாதீர்கள். கொழுப்பின் டி1 குறைவு, சீக்கிரம் மீளும். ஆங்கிள் பெரிதானால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். 3 டெஸ்லாவில் 3 டிகிரி, 1.5-ல் 5 டிகிரி வழக்கம். படம் மங்கலாக இருக்கிறதே என்று ஏற்றத் தோன்றும், ஏற்றக் கூடாது. கொழுப்பை ஒற்றை உச்சமாக, அதாவது ஒரே அதிர்வெண்ணாக, கருதுவதும் பிழை. பிரதான உச்சத்தில் இருப்பது சுமார் 70% சிக்னல்தான், மீதி பல சிறு உச்சங்களில் சிதறிக் கிடக்கிறது.

டி2 ஸ்டாரை வைத்து இரும்பை அளக்கும்போது கொழுப்பை மாடலில் சேர்க்காவிட்டால், எக்கோவுக்கு எக்கோ ஏறியிறங்கும் சிக்னலைத் தேய்வு என்று மென்பொருள் படித்துவிடும்.

டி1 வரைபடம்தான் அதிகம் குழப்பும். கொழுப்பின் டி1 குறைவு என்பதால் சராசரி இறங்கும் என்று நினைப்போம். 3 டெஸ்லாவில் மோலி (டி1-ஐ அளக்கும் ஒரு முறை) முறையில் பெரும்பாலும் நேர்மாறாக ஏறும். தண்ணீரும் கொழுப்பும் எதிரெதிராக நின்று ஒன்றை ஒன்று கழித்துக்கொள்வதே காரணம். அந்த உயர்வை ஃபைப்ரோசிஸ் (கல்லீரல் தழும்பு), அழற்சி என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. இரும்புக்காகத் திருத்திய டி1-இலும் கொழுப்பின் பங்கு நீங்குவதில்லை. டி1-ஐ எழுதும் இடத்தில் கொழுப்பு விகிதத்தையும் டெஸ்லாவையும் எழுதுங்கள்.

ஏடிசியில் கொழுப்பை அடக்கும் பல்ஸ் போட்டாலும், தண்ணீரை ஒட்டியிருக்கும் சிறு உச்சம் தப்பிவிடும். கொழுப்பு மிக மெதுவாகப் பரவுவதால் எண் குறைந்து தெரியும்.

கடைசியாக, பயாப்ஸியோடு (ஊசியால் எடுத்த திசுவின் சோதனை) ஒப்பிடும்போது: பயாப்ஸி சொல்வது கொழுப்புத் துளி உள்ள செல்களின் சதவீதம், எம்ஆர்ஐ சொல்வது புரோட்டான் சிக்னலின் சதவீதம். பயாப்ஸியில் 60% வந்தவருக்கு எம்ஆர்ஐயில் 20% வந்தால் ஸ்கேன் தவறு என்று அர்த்தமில்லை.