வேக்சினுக்கு வெயில் மட்டும் எதிரி இல்ல: பெட் கிளினிக் வேலைக்குப் புதுசா வர்றவங்க பண்ற தப்புங்க

போன வாரம் சேலத்துல எங்க ஏரியாவுக்கு மாதாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு போன கரண்ட் சாயங்காலம்தான் வந்துச்சு. வந்த கையோட, சேர்ந்து மூணு வாரம்கூட ஆகாத தம்பி ஒருத்தன் ரேபிஸ் வேக்சின் டப்பாவ அப்படியே தூக்கி ஃப்ரீசர்ல வச்சிட்டு நிக்கறான். "சூடாயிருக்கும்ல அக்கா, சீக்கிரம் கூல் ஆகட்டும்." நல்லவேளை அப்பதான் வச்சிருந்தான், உடனே எடுத்துட்டேன். கத்து கத்துனு கத்திட்டு அப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா இதே தப்ப இதவிட பெருசா பண்ணவ நான். அதான் எழுதறேன். நாய் கடிக்கும் பாத்து புடி, கைய கழுவுங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடறேன்.

கண்ணால எடை போடறது

"லேப்ரடார் தானே, 25 கிலோ இருக்கும்"னு கேஸ் ஷீட்ல எழுதிடறாங்க. மெஷின்ல ஏத்தினா 33 காட்டுது. டாக்டர் அந்த நம்பர பாத்துதான் மயக்க மருந்துக்கும் பூச்சி மருந்துக்கும் கணக்கு போடுவாரு. நாய் மெஷின்ல நிக்கலன்னா ஓனர தூக்கிட்டு நிக்க சொல்லுங்க, அப்புறம் ஓனர் எடைய மட்டும் பாத்து கழிங்க. ஒரு நிமிஷ வேலை. போன தடவ எழுதின எடையவே பாத்து எழுதறதும் இதே தப்புதான், குட்டி வாரத்துக்கு வாரம் வளருது.

ஐஸ் பேக்

செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம், அத ஒட்டி ஏற்காடு மேல எஸ்டேட் பக்கம் ஒரு இலவச ஊசி கேம்ப். பத்து டோஸ் புடிக்கிற வயல் (சின்ன மருந்து குப்பி) மொத்தம் ஆறு, அதாவது அறுபது நாய்க்கு. பேக் பண்ற வேலை என்னோடது. நான் என்ன பண்ணேன்னா, ராத்திரி ஃபுல்லா ஃப்ரீசர்ல கெடந்து கல்லாட்டம் ஆன ஐஸ் பேக் நாலையும் எடுத்து தெர்மாகோல் பெட்டில அடுக்கி, நடுவுல வயல்கள போட்டு, இன்னும் கூலா இருக்கட்டும்னு மேலயும் ஒண்ணு வச்சு டேப் ஒட்டிட்டேன். பெருமை வேற.

அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவு இருபதும் பெட்டி என் மடியிலதான். ஒவ்வொரு வளைவுக்கும் உள்ள டக்கு டக்குனு வயல் போய் ஐஸ்ல முட்டற சத்தம் கேக்குது, அது என்ன சத்தம்னு எனக்குத் தோணவே இல்ல. மேல போனா பனிமூட்டம், ஜனங்க எல்லாம் ஸ்வெட்டர்ல நிக்கறாங்க. அந்த குளிருக்கு அவ்வளவு ஐஸ் கொண்டு போயிருக்கேன் பாருங்க!

டாக்டர் ஒரு வயல எடுத்து சாய்ச்சாரு. உள்ள இருக்கறது அசையல. அடுத்தது, பாதி ஐஸ், பாதி தண்ணி. மீதி நாலும் பாக்க நல்லாதான் இருந்துச்சு, ஆனா வழியில உறைஞ்சு உருகிச்சான்னு யாருக்குத் தெரியும்? ஆறையும் ஒதுக்கி வைக்க சொல்லிட்டாரு. திட்டல. திட்டியிருந்தா பரவால்லன்னு இருந்துச்சு.

நாய் ரேபிஸ் வேக்சின்ல பெரும்பாலும் அலுமினியம் உப்பு கலந்திருக்கும், மருந்து உடம்புல நல்லா வேலை செய்யறதுக்காக. ஒரு தடவ உறைஞ்சா அந்த துகள் எல்லாம் திரண்டு கட்டியாயிடும், திரும்ப உருகினாலும் பழைய மாதிரி ஆகாது. ஊசி போட்டுடலாம், கார்டுல சீலும் குத்திடலாம், நாய்க்கு பாதுகாப்பு வந்துச்சான்னு மட்டும் சொல்ல முடியாது. ரேபிஸ் விஷயத்துல இது எவ்வளவு ஆபத்துன்னு நான் சொல்லணுமா?

கயிறு கட்டி, சாக்கு கட்டி, ரெண்டு மூணு கிலோமீட்டர் நடந்து கூட்டிட்டு வந்தவங்கள அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பினோம். அடுத்த வாரம் பாதி பேர்கூட வரல. ஒரு நாள் கூலிய விட்டுட்டு ரெண்டாவது தடவ யாரு வருவா? இன்னைக்கும் அதுதான் எனக்கு உறுத்துது.

ஐஸ் பேக்க வெளிய எடுத்து வச்சு, ஆட்டிப் பாத்தா உள்ள தண்ணி தளும்பற சத்தம் வர்ற வரைக்கும் காத்திருங்க. அப்புறம்தான் பெட்டில வைக்கணும். வயலுக்கும் ஐஸுக்கும் நடுவுல அட்டையோ துணியோ, கூடவே ஒரு தெர்மாமீட்டர்.

கிளினிக் ஃப்ரிட்ஜுக்கும் இதே கதைதான், 2லிருந்து 8 டிகிரி. ஒத்தக் கதவு ஃப்ரிட்ஜுல ஃப்ரீசருக்கு ஒட்டின எடம் உறைஞ்சிடும், கதவுல வச்சா ஒவ்வொரு தடவ தொறக்கறப்பவும் சூடாயிடும், அதனால நடுத்தட்டுதான். காய்கறி டிரேல தண்ணி பாட்டில் நிரப்பி வைங்க, கரண்ட் போனா அது கொஞ்ச நேரம் தாங்கும். கரண்ட் இல்லாதப்ப "கூலா இருக்கா"ன்னு தொறந்து தொறந்து பாக்காதீங்க. கரண்ட் வந்ததும் எத்தன டிகிரி வரைக்கும் ஏறிச்சுன்னு குறிச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க, வேக்சின வச்சுக்கறதா தூக்கிப் போடறதான்னு அவரு சொல்லட்டும். அப்புறம் அந்த தயிர் டப்பாவ வெளிய எடுங்க சாமி.

டெம்பரேச்சர் சார்ட்ட திருப்பினா தம்பி சேந்த நாள்லருந்து 4, 4, 4னு ஒரே பேனால எழுதி வச்சிருக்கான். ஞாயித்துக்கிழமைக்கும் 4. ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு.

முன்னாடியே கலக்கி வைக்கறது

கூட்டம் வரும்னு பார்வோ, டிஸ்டெம்பர்ங்கிற நாய் வைரஸ் நோய்ங்களுக்கான பவுடர் வேக்சின காலைலயே கலக்கி சிரிஞ்சுல ஏத்தி வரிசையா வைக்காதீங்க. அதுல இருக்கறது உயிருள்ள வைரஸ், கலக்கினா உடனே போட்டுடணும்.

பினாயில் வாசனை

பார்வோ குட்டி படுத்த கூண்ட பினாயில் போட்டு தொடச்சிட்டு அடுத்த குட்டிய படுக்க வைக்கறாங்க. பார்வோ பினாயிலுக்கெல்லாம் அசையாது. அழுக்க முதல்ல சோப்பு போட்டு கழுவிட்டு, முப்பது பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து பத்து நிமிஷம் ஊற விடுங்க. பூனை கூண்டுல பினாயில் வேண்டவே வேண்டாம், கால நக்கி நக்கி உள்ள எடுத்துக்கும், அதுக்கு விஷம்.

போன்ல மருந்து சொல்றது

சொல்லாதீங்க. பூனைக்கு பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிர எடுத்துடும்.

ஊசி மூடிய திரும்ப மாட்டறது

மாட்டாதீங்க.

"டிடி போட்டாச்சுக்கா, போதும்"

போதாது. டிடி டெட்டனஸுக்கு போடறது, ரேபிஸ் வேற. இந்த வேலைக்கு வர்றவங்க கடி வாங்கறதுக்கு முன்னாடியே ரேபிஸ் ஊசி போட்டுக்கணும், கடிச்சா பதினஞ்சு நிமிஷம் ஓடற தண்ணில சோப்பு போட்டு கழுவிட்டு அப்பவும் ஆஸ்பத்திரிக்கு போகணும். தம்பி இன்னும் முதல் ஊசியே போடலயாம். நாளைக்கு காலைல கூட்டிட்டு போறேன்.